அறுபது பல்லும் ஒரே பதிலும்

என் வாய்க்குள் ஒரு போட்டி நடந்தது. இடது பக்கம் ஒரு மருந்து, வலது பக்கம் இன்னொரு மருந்து. எது ஜெயிக்கும் என்று பார்க்க ஒரு பல் மருத்துவக் கல்லூரியே காத்திருந்தது.

அதற்கு முன்பு என்னை யாரும் எந்தப் போட்டியிலும் சேர்த்துக்கொண்டதில்லை. பள்ளி ஓட்டப் பந்தயத்தில்கூட எனக்கு மற்றவர்களின் பைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான் கிடைக்கும். இப்போது மைதானமே நான்தான்.

எல்லாம் அப்பாவின் கடையில் தொடங்கியது. தாந்தா ஊரில் பெரிய பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் அப்பா இனிப்புக் கடை வைத்திருக்கிறார். சர்க்கரைப் பாகில் புரட்டிய கொண்டைக்கடலை, எள் மிட்டாய், உப்புப் போட்டு வறுத்த கடலை எல்லாம் இருக்கும். நான் அந்தக் கடையின் தலைமை ருசி அதிகாரி. சம்பளம் கிடையாது. சொத்தைதான் கிடைத்தது.

நான் நியாயமானவள். இடது பக்கம் ஒரு மிட்டாய் மென்றால் வலது பக்கமும் ஒன்று மெல்லுவேன். அதனால் ஏழரை வயதில் என் இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களும் ஒரே மாதத்தில் சொத்தையாயின.

அம்மா என்னைக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். அங்கேதான் டாக்டர் ரீஹாமைப் பார்த்தேன். மேல்படிப்பு படிக்கும் இளம் டாக்டர். முகக்கவசம் போட்டுக்கொண்டு பேசினால் அவருடைய மூக்குக்கண்ணாடி பனி பிடித்துவிடும். அதனால் என் வாயைப் பார்ப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் கண்ணாடியைத் துடைப்பார்.

"நெஸ்மா, உன் நரம்பு கெட்டுப்போயிருக்கு" என்றார், கவசத்துக்குள்ளிருந்து.

எனக்கு வேறு மாதிரி கேட்டது. எங்கள் ஊர்ப் பேச்சில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சத்தம்.

"கரும்பா? நான் கரும்பு தின்னவே இல்ல டாக்டர்! கடலை மிட்டாய் மட்டும்தான். ஒரு நாளைக்குப் பதினஞ்சு."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "பதினஞ்சா? ரெண்டுன்னுல்ல உங்க அப்பா சொன்னாரு!"

டாக்டர் சிரித்து, கண்ணாடியைத் துடைத்து, கவசத்தை இறக்கிவிட்டு விளக்கினார்.

"பல்லுக்குள்ள மெத்துனு ஒரு சதை இருக்கு. ரத்தமும் நரம்பும் அதுலதான் ஓடுது. சொத்தை அதுவரைக்கும் போயிடுச்சு."

"அப்ப பிடுங்கிடுவீங்களா?"

"வேண்டாம்னு பார்க்கிறேன். இது பால் பல்தான், ஒரு நாள் தானா விழும். ஆனா இன்னும் மூணு நாலு வருஷம் இது எடம் பிடிச்சு வெச்சிருக்கணும். இப்பவே எடுத்துட்டா பக்கத்துப் பல் சாஞ்சு வந்து உட்கார்ந்துக்கும். புதுப் பல் வந்து எங்க நிக்கும்?"

"மைக்ரோ பஸ்ல பையை வெச்சு எடம் பிடிக்கிற மாதிரியா?"

"அதேதான். அந்தப் பையைக் கிழியாம வெச்சுக்கணும். கெட்டுப்போன மேல் சதையை மட்டும் எடுத்துடுவோம். கீழே நல்லா இருக்கிற சதை மேல மருந்து வெச்சு மூடி, பல்லுக்கு ஒரு எஃகுத் தொப்பி போட்டுடுவோம்."

"என்ன மருந்து?"

"அதுதான் கேள்வி" என்றார் டாக்டர். "ஒண்ணு பழசு, வாடை தூக்கும். எங்க பேராசிரியர் மாணவரா இருந்தப்பவே இருந்த மருந்து. இன்னொண்ணு புதுசு. வெள்ளையா, சிமெண்டு மாதிரி குழைச்சு வைக்கிறது. பிள்ளைங்க பல்லுக்கு எது நல்லதுன்னு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். உன்னை மாதிரி ரெண்டு பக்கமும் சொத்தை உள்ள முப்பது பிள்ளைங்க. ஒரு பக்கம் இது, மறு பக்கம் அது."

அம்மா ஒரு சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார். எனக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். நான் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு பூவும் போட்டேன்.

எந்தப் பக்கம் எந்த மருந்து என்பது ஒட்டி மூடிய ஓர் உறைக்குள் இருந்தது. மருந்து வைக்கிறவர் மட்டும்தான் அதைப் பிரித்துப் பார்ப்பார். அவர் பேராசிரியர் ஷவ்கி. பெரிய மீசைக்காரர். ஆராய்ச்சி முடியும்வரை அவர் யாரிடமும் சொல்லக் கூடாது, டாக்டர் ரீஹாமிடமும் கூடாது. தெரிந்தால் பிடித்த மருந்தின் பக்கம் மனசு சாய்ந்துவிடுமாம்.

மருந்து வைத்த நாளில் அவர் வாயைத் திறக்கவே இல்லை. நான் மூடவே இல்லை.

இரண்டு எஃகுத் தொப்பிகளோடு பள்ளிக்குப் போனேன். நான் சிரித்தால் வெயிலில் மின்னும். என் வகுப்பில் எனக்கு 'கொல்லன் பட்டறை' என்று பெயர் வைத்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆறு மாதம் நன்றாகப் போனது. கிட்டத்தட்ட ஆறு மாதம். கடைசி இரண்டு வாரம் இடது பக்கம் மென்றால் 'சுருக்' என்றது. யாரிடமும் சொல்லவில்லை. சத்தமில்லாமல் எல்லாவற்றையும் வலது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன். சொன்னால் பிடுங்கிவிடுவார்கள். அதோடு, டாக்டர் ரீஹாம் எவ்வளவு நல்லவர்! அவருடைய ஆராய்ச்சியை என் பல் கெடுக்க வேண்டுமா?

ஆறாம் மாதப் பரிசோதனைக்கு அம்மா என்னையும் என் தம்பி ஹம்சாவையும் கூட்டிப்போனார். ஹம்சாவுக்கு ஐந்து வயது. அவனும் கடையின் துணை ருசி அதிகாரி. அவனுக்கும் ஒரு பல் சொத்தை, அடுத்த மாதம் மருந்து வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். டாக்டருக்குக் கொடுக்கச் சொல்லி அப்பா ஒரு பெரிய காகிதப் பை நிறைய வறுத்த கடலை கொடுத்து அனுப்பியிருந்தார்.

டாக்டர் ரீஹாம் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"பல் எப்படி இருக்கு நெஸ்மா?"

"அல்ஹம்துலில்லாஹ்."

"ரெண்டு பக்கமும்?"

"அல்ஹம்துலில்லாஹ்."

"வலி இல்லை" என்று தாளில் எழுதினார். "ரொம்ப சமத்து. எக்ஸ்ரே படம் எடுக்கணும், வெளியில காத்திரு."

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் யாரை 'எப்படி இருக்கே?' என்று கேட்டாலும் 'அல்ஹம்துலில்லாஹ்', அதாவது 'இறைவனுக்கே புகழ்' என்பதுதான் பதில். வேறு பதில் கிடையாது. போன வருடம் என் மாமா ஏணியிலிருந்து விழுந்து இரண்டு காலிலும் மாவுக்கட்டோடு கிடந்தார். பக்கத்து வீட்டுக்காரர் வாசலிலிருந்து விசாரித்தபோது, "அல்ஹம்துலில்லாஹ், நீங்க எப்படி இருக்கீங்க? முதுகு வலி பரவாயில்லையா?" என்று மாமா திருப்பிக் கேட்டார். அவருக்கும் அதே பதில்தான் வந்தது.

டாக்டர் ரீஹாமும் எங்கள் ஊர்தான். அதனால் அவருக்கும் அது சரியான பதிலாகவே பட்டது.

நடைபாதை பெஞ்சில் ஏழெட்டுப் பிள்ளைகள் படம் எடுக்கக் காத்திருந்தார்கள். எல்லோரும் முப்பது பேரில் உள்ளவர்கள். அம்மா, மற்ற அம்மாக்களோடு சீட்டு வாங்கும் வரிசைக்குப் போனார். நானும் ஹம்சாவும் கதவோரம் உட்கார்ந்தோம். கதவு சரியாக மூடவில்லை. நான் ஒட்டுக் கேட்கவில்லை. காது அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

உள்ளே பேராசிரியர் ஷவ்கியின் குரல் கேட்டது.

"நேத்தும் இன்னைக்குமா முப்பது பிள்ளைங்களைக் கேட்டாச்சு. அறுபது பல். ஒண்ணுகூட வலிக்கலையாம்மா? இதென்ன, சொர்க்கத்துல எடுத்த கணக்கா?"

"எல்லாரையும் கேட்டேன் சார். ஒருத்தரையும் விடல."

"நேத்து எடுத்த படத்துல நாலு பல்லுக்கு அடியில கறுப்பா நிழல் விழுந்திருக்கு. படம் ஒண்ணு சொல்லுது, உன் தாள் ஒண்ணு சொல்லுது. நான் எதை நம்புறது?"

தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"இந்தத் தாளைப் பார்த்துத்தான் இனிமே வர்ற பிள்ளைங்களுக்கு எந்த மருந்துன்னு முடிவு பண்ணப் போறோம். தாள் தப்புன்னா மருந்தும் தப்பு. வியாழக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா இந்த ஆராய்ச்சியை இத்தோட மூடிடலாம்."

எனக்குக் காது சுட்டது. நான் உதவி என்று நினைத்துச் செய்தது, அவருடைய ஆராய்ச்சியை மூடும் அளவுக்கு வந்துவிட்டது.

இனிமேல் வரும் பிள்ளைகள் என்றால் யார்? பக்கத்தில் பார்த்தேன். ஹம்சா கன்னத்தைக் கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.

"ஹம்சா, பல் எப்படிடா இருக்கு?"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றான், கன்னத்திலிருந்து கையை எடுக்காமல்.

ஐந்து வயதில் அவ்வளவு சுத்தமாகச் சொல்லப் பழகியிருந்தான். நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

பெஞ்சில் எனக்கு எதிரில் இருந்தவன் பிஷோய். என்னைவிட ஒரு வயது பெரியவன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடுகிறவன். போன முறையே பழக்கம்.

"பிஷோய், உன் பல் வலிக்குதா?"

"ஆண்டவருக்கு நன்றி" என்றான்.

"நன்றி இருக்கட்டும். வலிக்குதா இல்லையா?"

"உனக்கு என்ன வந்துச்சு, கொல்லன் பட்டறை?" அவனுக்கும் அந்தப் பெயர் எப்படியோ எட்டியிருந்தது. "உன் வாயிலயும் எஃகுதான், என் வாயிலயும் எஃகுதான்."

கேட்டுப் பயனில்லை. கேள்வியில்தான் ஏதோ கோளாறு. பதில் ஏற்கனவே எங்கள் எல்லோர் நாக்கிலும் தயாராக இருந்தது. நாக்கைக் கேட்காமல் பல்லைக் கேட்க வேண்டும்.

மடியில் கடலைப் பை கனத்தது.

அது டாக்டருக்கு வந்தது. நான் பையைப் பிரித்தேன். அப்பா கேட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"யாருக்குக் கடலை வேணும்? எங்க கடைக் கடலை!"

ஏழெட்டுக் கைகள் நீண்டன. ஆளுக்கு ஆறு கடலை கொடுத்தேன். "இடது பக்கம் மூணு, வலது பக்கம் மூணு. அதான் எங்க கடை வழக்கம்" என்றேன். அப்படி ஒரு வழக்கம் கிடையாது.

கொடுத்துவிட்டு வாய்களைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் முறையாகப் பிறர் தின்பதை, எனக்கு வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல் பார்த்தேன்.

பிஷோய் முதல் மூன்றையும் வலது பக்கம் நொறுக்கினான். நாலாவதை இடது பக்கம் போட்டான். உடனே நாக்கு அதைத் தள்ளி வலது பக்கம் கொண்டுவந்தது. ஐந்தாவதும் அதே வழியில் ஊர்வலம் போனது.

"இடது பக்கம் மெல்லலையே?"

"மெல்றேனே."

"மெல்லல. நாக்கு அதை நாடு கடத்திடுச்சு. நான் பார்த்தேன்."

பிஷோய் கதவைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "அந்தப் பக்கம் கடிச்சா மண்டை வரைக்கும் சுர்ருங்குது. யார்கிட்டயும் சொல்லாதே."

"டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"அவங்க 'வலிக்குதா'ன்னு கேட்கலையே. 'எப்படி இருக்கு'ன்னுதான் கேட்டாங்க."

இரட்டைப் பின்னல் போட்ட ருதைனா என்ற சிறுமி ஆறு கடலையையும் வாயில் ஊறவைத்துக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் மெல்லாம இருக்கே?"

"நான் சப்பித்தான் தின்பேன்."

"வறுத்த கடலையையா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வலது பக்கம் வலிக்கும். இடது பக்கம் வலிக்காது. ஆனா எது இடது எது வலதுன்னு எனக்கு மறந்து மறந்து போயிடும். அதான் ரெண்டு பக்கமும் மெல்றதில்ல." நல்ல வேளையாகத் தொட்டுக் காட்டினாள்.

மற்றவர்கள் இரண்டு பக்கமும் கடகடவென்று நொறுக்கினார்கள். அவர்கள் வாயிலிருந்து கல் உடைக்கும் சத்தம் வந்தது.

பிஷோயிடம் பென்சில் வாங்கினேன். காலியாகிக்கொண்டிருந்த காகிதப் பையின் பின்பக்கம் ஆளுக்கு ஒரு வாய் வரைந்தேன். எல்லாம் உருளைக்கிழங்கு மாதிரி வந்தன. மெல்லாத பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. பெயர்களை எழுதினேன். கடைசியாக ஓர் உருளைக்கிழங்கு மிச்சம் இருந்தது.

அது என்னுடையது. பென்சிலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஹம்சா என் தோளில் வலிக்கிற கன்னத்தைச் சாய்த்துக்கொண்டான். என் உருளைக்கிழங்கின் இடது பக்கம் ஒரு பெருக்கல் குறி போட்டேன். அழுத்திப் போட்டதில் காகிதம் கிழிந்தது.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன்.

"டாக்டர், நான் பொய் சொல்லிட்டேன். இல்ல, பொய் சொல்லல. அல்ஹம்துலில்லாஹ்னு சொன்னேன்."

டாக்டர் ரீஹாம் கண்ணாடியைக் கழற்றினார். கண் சிவந்திருந்தது. "அதுல என்னம்மா தப்பு?"

"தப்பு இல்ல. ஆனா இடது பக்கம் ரெண்டு வாரமா வலிக்குது. பிஷோய்க்கும் இடது பக்கம். ருதைனாவுக்கு வலது பக்கம், அவளுக்கு அது வலதுன்னு தெரியாது. எல்லாம் இதுல இருக்கு."

காகிதப் பையை நீட்டினேன்.

பேராசிரியர் ஷவ்கி அதை வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "இது என்ன, காய்கறிக் கடைப் பட்டியலா?"

"வாய் சார். மேல் உதடு சரியா வரல."

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

நான் கடலை விஷயத்தைச் சொன்னேன். நாக்கு நாடு கடத்தியதையும் சொன்னேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"படம் எடுக்கப் போற பிள்ளைங்க வாயிலயெல்லாம் கடலை மாவு" என்றார் கடுமையாக.

"ஆமா சார்."

"கடிச்சுப் பார்க்கிறது நல்ல சோதனைதான். எனக்குத் தோணியிருக்கணும்" என்றார், அதே கடுமையோடு. பையில் மிச்சம் இருந்த கடலையில் நாலைந்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். யோசித்துக்கொண்டே மென்றார்.

நான் பார்த்தேன். பழகிவிட்டதால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மீசை ஒரு பக்கம் மட்டுமே அசைந்தது.

"சார், உங்க இடது பக்கப் பல் எப்படி இருக்கு?"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பேராசிரியர்.

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. மீசை அப்படியே நின்றது. டாக்டர் ரீஹாம் வாயைப் பொத்திக்கொண்டார். அதையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. பேராசிரியர் கன்னத்தை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார்.

"மூணு மாசமா" என்றார் மெல்லிய குரலில். "ரீஹாம், சாயங்காலம் கொஞ்சம் பார்த்துச் சொல்லும்மா. யார்கிட்டயும் சொல்லாதே."

பிஷோய் சொன்ன அதே வார்த்தை.

வியாழக்கிழமைக்குள் முப்பது பேரையும் மறுபடி கூப்பிட்டார்கள். டாக்டர் ரீஹாம் பழைய கேள்வியை நீக்கிவிட்டுத் தாளில் புதிதாக எழுதினார்: 'கடலை. இந்தப் பக்கம் மூன்று. அந்தப் பக்கம் மூன்று.' கடலை அப்பா கொடுத்தார். அடுத்த நாளே கடை வாசலில் 'பல் மருத்துவர்கள் நம்பும் கடலை' என்று ஒரு பலகை தொங்கியது. அம்மா ஒரே மணி நேரத்தில் அதைக் கழற்ற வைத்தார்.

அறுபது பல்லில் ஏழு வலித்தன. படத்தில் நிழல் விழுந்த பற்கள் அத்தனையும் அந்த ஏழுக்குள் இருந்தன.

"ஏழு பல் வலிக்குதே, உங்களுக்கு வருத்தமா இல்லையா டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஏழு பேருக்காகவும் வருத்தம்தான். ஆனா இப்ப அவங்களுக்கு வைத்தியம் பார்க்கலாமே. தெரியாத வலிக்கு நான் என்ன பண்ணுவேன்?"

என் இடது பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. நான் அழவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டால் என் மானம் போய்விடும். பல் இருந்த இடத்தில் ஒரு சின்னக் கம்பி வளையம் மாட்டினார்கள். இப்போது பைக்குப் பதிலாகக் கம்பி இடம் பிடிக்கிறது.

விழுந்த பல்லை எங்கள் ஊரில் சூரியனைப் பார்த்து எறிவோம். இந்த எருமைப் பல்லை வாங்கிக்கொண்டு மணப்பெண் பல் ஒன்று கொடு என்று கேட்போம். நானும் மாடியில் நின்று எறிந்தேன். எஃகுத் தொப்பியோடு இருந்ததால் நல்ல கனம். அது பளபளவென்று சூரியன் பக்கம் போய், மனம் மாறி, கீழ்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் 'டங்' என்று விழுந்தது. சூரியன் வாங்கிக்கொண்டதா என்று இன்றுவரை தெரியவில்லை.

எந்த மருந்து ஜெயித்தது என்று டாக்டர் ரீஹாமை நச்சரித்தேன்.

"பேராசிரியர் இன்னும் சொல்லல. ஒரு வருஷம் ஆகணும். எல்லார் பல்லையும் எண்ணணும்."

"என் வாயில வலது பக்கம்தானே ஜெயிச்சிருக்கு? அது மட்டும் சொல்லுங்களேன்."

"உன் ஒரு வாயை வெச்சு முடிவு சொல்ல முடியாது நெஸ்மா. பெரிய வாய்தான். ஆனா ஒண்ணுதானே இருக்கு?"

அடுத்த மாதம் ஹம்சாவின் முறை வந்தது. நாற்காலி அவனுக்கு மிகப் பெரியது. கால் பாதி தூரம்கூட எட்டவில்லை. நான் பக்கத்தில் நின்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் ரீஹாம் கண்ணாடியைத் துடைத்தார். பழக்க தோஷம், பழைய கேள்வியையே கேட்டுவிட்டார்.

"பல் எப்படி இருக்கு ஹம்சா?"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றான் ஹம்சா.

நான் அவன் கையை லேசாக அழுத்தினேன். அவன் என்னைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான், பிறகு வாயை ஆவென்று திறந்து விரலை உள்ளே விட்டுக் காட்டினான்.

"இங்க வலிக்குது."

டாக்டர் பேனாவை எடுத்து இரண்டையும் எழுதிக்கொண்டார்.